எந்த டேட்டாபேஸ் ஃபாஸ்ட்டுன்னு பார்க்கணும்னா மொதல்ல கமிட்ட பாருங்க

ரெண்டு டேட்டாபேஸ ஒப்பிட்டுப் போடுற சார்ட் எது கண்ணுல பட்டாலும் நான் மொதல்ல தேடுறது நம்பர இல்ல, அந்த டெஸ்ட் எந்த செட்டிங்ல ஓடுச்சுங்குறத. பாதி சார்ட்ல அது இருக்கவே இருக்காது. செகண்டுக்கு இவ்ளோ ரைட்டு (எழுதுறது), செகண்டுக்கு இவ்ளோ ரீடு (படிக்குறது)ன்னு பெரிய பெரிய கம்பியா வரைஞ்சிருப்பாங்க, ஆனா அந்த "எழுதிட்டேன்"னு டேட்டாபேஸ் பதில் சொன்ன நேரத்துல (அதுதான் கமிட்) டேட்டா எங்க இருந்துச்சு, ரேம்லயா, ஆபரேட்டிங் சிஸ்டம் கேஷ்லயா (cache, தற்காலிகமா வச்சிருக்குற இடம்), டிஸ்க்லயா, இல்ல இன்னொரு மெஷின்லயும் சேர்த்தான்னு சொல்லியிருக்க மாட்டாங்க. அது தெரியாம ரைட் ஸ்பீட ஒப்பிடவே முடியாதுங்குறது என்னோட கருத்து, இந்த போஸ்ட் முழுக்க அதைத்தான் சொல்லப்போறேன்.

நான் வேலை பார்க்குறது வட சென்னையில, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் ஜவுளி கடைங்களுக்கு பில்லிங் சாஃப்ட்வேர், அப்புறம் திருவொற்றியூர், மணலி பக்கம் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுறவங்களுக்கு வண்டி ட்ராக்கிங். ரெண்டும் ரெண்டு விதமான வேலை. கடைல தீபாவளி சீசன்ல கவுன்டர்ல கூட்டம் நெரியும், ஒவ்வொரு பில்லும் காசு. ட்ரெய்லர்ல ஒவ்வொரு வண்டியும் சில செகண்டுக்கு ஒரு தடவ நான் இங்க இருக்கேன்னு சொல்லிட்டே இருக்கும், அதுல ஒரு பாயிண்ட் போனா யாருக்கும் நஷ்டம் இல்ல. கடைக்காரர் ஒருத்தர் எங்கிட்ட சொன்னது, "தம்பி, பில்ல அடிச்சு கஸ்டமர் கையில குடுத்துட்டா அது உள்ள இருந்தே ஆவணும்பா, ராத்திரி கணக்கு பாக்கசொல்லோ ஒரு பில் கம்மியா இருந்தா நான் யார்கிட்ட போய் கேக்குறது". ட்ரெய்லர்காரர் சொன்னது, "இன்னாபா, வண்டி எங்க கீது, கேட்ல எவ்ளோ நேரம் நின்னுச்சு, அவ்ளோ தெரிஞ்சா போதும்". டேட்டாபேஸ் ஸ்பீட பத்தி இந்த ரெண்டு பேரும் சொன்னத விட தெளிவா யாரும் சொல்லி நான் கேட்டதில்ல.

இப்ப ரைட்டுன்னா உள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். நம்ம கடைங்கள்ல அந்தக் காலத்துல இருந்தே நாள்வழின்னு ஒரு நோட்டு இருக்கும், வியாபாரம் நடக்க நடக்க வரிசையா அதுல எழுதிட்டே போவாங்க, அப்புறம் சாவகாசமா உட்கார்ந்து பேரேட்ல ஆள் ஆளா பிரிச்சு ஏத்துவாங்க. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்குள்ள டேட்டாவ வைக்குற இன்ஜினான இன்னோடிபி, ரெண்டும் பண்றது அச்சு அசல் இதேதான். மாத்தத்த மொதல்ல ஒரு லாக் (log) ஃபைல்ல வரிசையா கடைசில சேர்த்து எழுதும், அந்த லாக் டிஸ்க்ல நிஜமாவே இறங்கிடுச்சுன்னு உறுதி பண்ணிட்டு கமிட் ஓகேன்னு சொல்லும், டேபிள் இருக்குற பேஜ (வரிசைங்கள அடுக்கி வைக்குற சின்ன கட்டு) எல்லாம் அப்புறமா மெதுவா எழுதிக்கும். அந்த உறுதி பண்ற வேலைக்குப் பேரு எஃப்சிங்க். ரைட் ஸ்பீடுன்னு நம்ம அளக்குறதுல பெரும்பகுதி இந்த எஃப்சிங்க் எவ்ளோ நேரம் எடுக்குது, எத்தன தடவ நடக்குதுங்குறதுதான், எஸ்க்யூஎல் கட்டளைய பிரிச்சு புரிஞ்சுக்குறது, இண்டெக்ஸ்ல (தேடுறதுக்கான அட்டவணைல) சேர்க்குறதெல்லாம் சின்ன சின்ன ட்ரான்ஸாக்ஷன்ல (ஒரு கமிட்டோட முடியுற வேலை) அதுக்கு பக்கத்துலயே வராது.

பழைய ஹார்ட் டிஸ்க்ல இத கையால கணக்கு போட்டே பார்க்கலாம். 7200 ஆர்பிஎம்னா நிமிஷத்துக்கு 7200 சுத்து, செகண்டுக்கு 120, ஒரு சுத்துக்கு 8.3 மில்லி செகண்ட். ஒரு கமிட் முடிஞ்சு அடுத்த கமிட் எழுதணும்னா அந்த இடம் திரும்ப ஹெட்டுக்கு கீழ வரணும். அப்ப ஒரே கனெக்ஷன்ல ஒன்னு ஒன்னா கமிட் பண்ணா செகண்டுக்கு 120 தாண்டுறது கஷ்டம், நீங்க எந்த டேட்டாபேஸ் போட்டாலும் சரி. எஸ்க்யூலைட்னு (ஒரே ஃபைல்ல இருக்குற சின்ன டேட்டாபேஸ்) ஒன்னு இருக்கு, அவங்க கேள்வி பதில் பக்கத்துலயே இத எழுதி வச்சிருக்காங்க, சாதா டெஸ்க்டாப்ல செகண்டுக்கு 50,000 இன்சர்ட் (புது வரிசை சேர்க்குறது) போகும் ஆனா ட்ரான்ஸாக்ஷன்னு பார்த்தா சில டஜன்தான்னு. ஒவ்வொரு இன்சர்ட்டையும் தனித்தனி ட்ரான்ஸாக்ஷனா விட்டா டஜன் கணக்கு, எல்லாத்தையும் ஒரே ட்ரான்ஸாக்ஷனுக்குள்ள போட்டா ஆயிரக்கணக்கு, அதே டேட்டாபேஸ், அதே டிஸ்க், அதே கோடு. ஹார்ட் டிஸ்க்ல ஒரே கனெக்ஷன்ல செகண்டுக்கு சில ஆயிரம் கமிட் வருதுன்னு ஒருத்தர் சார்ட் காட்டுனா அங்க டேட்டா தட்டுக்கு போகாம நடுவுல ஏதோ ஒரு கேஷோட நின்னுடுச்சுன்னு கண்ண மூடிட்டு சொல்லலாம்.

எஸ்எஸ்டி வந்ததும் எல்லாம் மாறிடுச்சுன்னு சொல்லுவாங்க, மாறுனது உண்மைதான், ஆனா எஸ்எஸ்டிக்குள்ளயே ரெண்டு ஜாதி இருக்கு. டேட்டா சென்டர் எஸ்எஸ்டியில கரண்ட் போனா உள்ள இருக்குற கேஷ ஃப்ளாஷ்ல எழுதி முடிக்குற அளவுக்கு கெப்பாசிட்டர் வச்சிருப்பாங்க, அதனால அது எஃப்சிங்க் கேட்ட உடனே சில பத்து மைக்ரோ செகண்ட்ல ஓகே சொல்ல முடியும், அந்த ஓகே நியாயமானதும் கூட. கடைல வாங்குற சாதா எஸ்எஸ்டியில அந்த கெப்பாசிட்டர் இருக்காது, ஃப்ளாஷ்ல நிஜமா எழுதிட்டு சொல்லணும்னா மில்லி செகண்ட் கணக்குல ஆகும். சிலது எழுதாமலே எழுதிட்டேன்னு சொல்லிடும், பெஞ்ச்மார்க்ல (ஸ்பீட் டெஸ்ட்ல) அதுதான் சூப்பரா தெரியும். அதே மாதிரி மேக்புக்ல ஓட்டுன ரைட் பெஞ்ச்மார்க்க நான் கணக்குலயே எடுத்துக்க மாட்டேன், மேக் ஓஎஸ்ல சாதா எஃப்சிங்க் கால் ட்ரைவோட கேஷ காலி பண்றதில்ல, அதுக்குன்னு தனியா ஃபுல் எஃப்சிங்க்னு ஒன்னு கேக்கணும், அது தெரியாம டெவலப்பர் லேப்டாப்ல ஓட்டிட்டு லினக்ஸ் சர்வரோட ஒப்பிட்டா சர்வர் ஸ்லோன்னுதான் தோணும்.

இப்ப ஒவ்வொரு டேட்டாபேஸும் இன்ஸ்டால் பண்ண உடனே, நம்ம எதையும் தொடாம (அதுக்குப் பேரு டீஃபால்ட்), எந்த வாக்குறுதி குடுக்குதுன்னு பார்த்தீங்கன்னா சார்ட்ல இருக்குற பாதி வித்தியாசம் புரிஞ்சிடும். போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு கமிட்டுக்கும் லாக்க டிஸ்க்ல இறக்கிட்டுத்தான் பதில் சொல்லும். மைஎஸ்க்யூஎல் 8ல இன்னோடிபி லாக்கும் ஒவ்வொரு கமிட்டுக்கும் இறங்கும், அதுக்கு மேல பின்லாக்கும் (மாத்தத்த வேற மெஷினுக்கு அனுப்ப உதவுற இன்னொரு லாக்) தானாவே ஆன்ல இருக்கும், அதுவும் ஒவ்வொரு கமிட்டுக்கும் இறங்கும், அதாவது ரெண்டு லாக்க ஒன்னுக்கொன்னு ஒத்து வச்சுக்கணும். போஸ்ட்கிரெஸோட ரைட்ல ஒப்பிடும்போது இத சொல்லாம விட்டா மைஎஸ்க்யூஎல்லுக்கு அநியாயம். மாங்கோடிபி ஆரம்ப காலத்துல ட்ரைவர் (நம்ம ப்ரோகிராம்ல இருந்து டேட்டாபேஸ்கிட்ட பேசுற லைப்ரரி) சர்வர் பதிலுக்கே காத்திருக்காது, அனுப்புனா முடிஞ்சுதுன்னு அர்த்தம், 2012 கடைசிலதான் பதில் வாங்குறத டீஃபால்ட்டா ஆக்குனாங்க, 2021ல வந்த 5.0ல இருந்து ரெப்ளிக்கா செட்ல (ஒரே டேட்டாவ காப்பி வச்சிருக்குற மெஷின் கூட்டத்துல) பெரும்பான்மை மெஷின் ஒத்துக்கிட்டாத்தான் ஓகே. அப்ப 2011ல எடுத்த மாங்கோ நம்பரையும் இன்னிக்கு எடுக்குற நம்பரையும் பக்கத்துல வச்சா அது ஒரே டேட்டாபேஸே இல்ல, ஆனா "மாங்கோ ரைட்ல பறக்கும்"ங்குற பேச்சு மட்டும் அந்தக் காலத்துல இருந்து அப்படியே ஓடிட்டு இருக்கு.

ரெடிஸ் ரேம்ல இருக்குறது, அதுல ரைட் வேகமா இருக்குறதுல ஆச்சரியமே இல்ல. அதோட லாக் ஃபைல் டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், ஆன் பண்ணா செகண்டுக்கு ஒரு தடவ டிஸ்க்ல இறக்கும், கரண்ட் போனா கடைசி ஒரு செகண்ட் டேட்டா போகலாம். கசாண்ட்ரால டீஃபால்ட் என்னன்னா 10 செகண்டுக்கு ஒரு தடவதான் கமிட் லாக் டிஸ்க்குக்கு போகும், ஏன்னா அது வேற மெஷின்ல காப்பி இருக்குங்குற நம்பிக்கைல கட்டுனது, நாலஞ்சு மெஷின் தனித்தனி கரண்ட்ல ஓடுற இடத்துக்கு அது சரியான முடிவு. அதையே கொண்டுவந்து தண்டையார்பேட்டைல ஒரு மாடி ரூம்ல ஒரே மெஷின்ல போட்டு போஸ்ட்கிரெஸ விட ரைட் ஃபாஸ்ட்டுன்னு சொன்னா அது தப்பான ஒப்பீடு. எங்க ஏரியால 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அப்போ எத்தனையோ தெருவுல நாள் கணக்குல கரண்ட் இல்ல, யூபிஎஸ் பேட்டரி எல்லாம் மொத நாளே படுத்துடுச்சு. கரண்ட் போறது எங்களுக்கு தியரி இல்ல.

அதனால நான் எந்த டேட்டாபேஸையும் ஸ்பீட் பார்க்குறதுக்கு முன்னாடி ப்ளக்க புடுங்கி பார்ப்பேன். எப்படின்னா, டெஸ்ட் மெஷின்ல டேட்டாபேஸ் ஓடும், பக்கத்துல ஒரு லேப்டாப்ல இருந்து ஒரு சின்ன ஸ்கிரிப்ட் 1, 2, 3ன்னு வரிசையா நம்பர இன்சர்ட் பண்ணிட்டே இருக்கும், ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓகே வந்த அப்புறம்தான் அந்த நம்பர லேப்டாப் ஸ்கிரீன்ல காட்டும். ஓடிட்டு இருக்கும்போதே டெஸ்ட் மெஷினோட பவர் கேபிள கையால புடுங்கணும், ஷட்டவுன் கிடையாது, ரீசெட் பட்டனும் கிடையாது, ஏன்னா ரீசெட்ல டிஸ்க்குக்கு கரண்ட் போய்க்கிட்டேதான் இருக்கும், கேஷ எழுதி முடிச்சுடும். அப்புறம் திரும்ப ஆன் பண்ணி, டேபிள்ல இருக்குற பெரிய நம்பர் என்னன்னு பார்த்து, லேப்டாப் ஸ்கிரீன்ல கடைசியா நின்ன நம்பரோட ஒப்பிடணும். ஸ்கிரீன்ல இருக்குறது டேபிள்லயும் இருந்தா டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், டிஸ்க் மூணும் உண்மை சொல்லுதுன்னு நம்பலாம். ஸ்கிரீன்ல அதிகமா இருந்து டேபிள்ல கம்மியா இருந்தா மூணுல ஒன்னு பொய் சொல்லுது. ஒரு தடவ பாஸ் ஆனா போதாது, பல தடவ பண்ணணும், ஏன்னா புடுங்குற நேரத்தப் பொறுத்தது. இதுல பாஸ் ஆகாத மெஷின்ல எடுத்த ரைட் நம்பர் எதையும் நான் எழுதி வைக்கிறதே இல்ல.

இந்த டெஸ்ட்ல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் போஸ்ட்கிரெஸோட சிங்க்ரனஸ் கமிட்ங்குற செட்டிங். அத ஆஃப் பண்ணா லாக் டிஸ்க்ல இறங்குறதுக்கு முன்னாடியே ஓகே வந்துடும், சின்ன ட்ரான்ஸாக்ஷன்ல ரைட் ஸ்பீடு பல மடங்கு ஏறும். ப்ளக்க புடுங்குனா கடைசி கொஞ்சம் போகும், ஆனா எவ்ளோ போகும்ங்குறதுக்கு கணக்கு இருக்கு, லாக் எழுதுற ப்ராசஸ் 200 மில்லி செகண்டுக்கு ஒரு தடவ எழுந்திருக்கும், அதிகபட்சம் அதுல மூணு மடங்கு, அதாவது 600 மில்லி செகண்ட் டேட்டாதான் ஆபத்துல இருக்கும்னு அவங்க டாக்குமெண்ட்லயே சொல்லியிருக்காங்க. முக்கியமா டேட்டாபேஸ் கெட்டுப்போகாது, கடைசி சில ட்ரான்ஸாக்ஷன் நடக்கவே இல்லங்குற மாதிரி சுத்தமா எழுந்து நிக்கும். எஃப்சிங்க் செட்டிங்கையே ஆஃப் பண்றது வேற விஷயம், அது டேபிளையே சிதைச்சுடலாம், அத எந்த ப்ளாக்லயாவது "ஸ்பீட் டிப்ஸ்"னு பார்த்தீங்கன்னா தயவு செஞ்சு பண்ணாதீங்க. எஸ்க்யூலைட்லயும் இதே மாதிரி ஒரு நல்ல நடுவழி இருக்கு, வால் மோட்ல (WAL, மாத்தத்த மொதல்ல லாக்ல எழுதுற முறை) போட்டு சிங்க்ரனஸ்ங்குறத நார்மல்ல வச்சா கரண்ட் போனா கடைசி சில கமிட் காணாம போகலாம், ஃபைல் கெடாது. 2010ல வந்த இந்த வால் மோடு இல்லாம இருக்குற பழைய முறையில ஒருத்தர் எழுதும்போது படிக்குறவங்க நிக்கணும், வால் மோட்ல படிக்குறவங்க பாட்டுக்கு படிக்கலாம், எழுதுறவர் மட்டும் எப்பவும் ஒரே ஒருத்தர்.

சரி, எல்லாரையும் ஒரே வாக்குறுதிக்கு கொண்டுவந்துட்டோம்னு வச்சுக்கோங்க. அப்புறமும் வித்தியாசம் இருக்கும், அதுக்கு காரணம் உள்ள இருக்குற அமைப்பு. பி-ட்ரீ, அதாவது பேஜ மரம் மாதிரி வரிசையா அடுக்குற முறை, 1970ல போயிங் லேப்ல பேயரும் மெக்ரைட்டும் கண்டுபிடிச்சது, போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல், எஸ்க்யூலைட், மாங்கோவோட உள் இன்ஜின் வயர்டு டைகர் எல்லாம் இதுலதான் நிக்குது. இன்னொன்னு எல்எஸ்எம் ட்ரீ, 1996ல வந்த பேப்பர், கசாண்ட்ரா, ராக்ஸ்டிபி எல்லாம் இந்த வழி. எல்எஸ்எம்ல புதுசா வர்றத ரேம்ல வரிசைப்படுத்தி வச்சுக்கிட்டு நிறைஞ்சதும் ஒரு ஃபைலா ஒரே மூச்சுல இறக்கிடும், பழச தேடிப்போய் திருத்தாது. அதனால ரைட் சுகமா போகும், ஆனா படிக்கும்போது ஒரு கீ எந்த ஃபைல்ல இருக்குன்னு தெரியாது, பல ஃபைல பார்க்கணும், அத குறைக்கத்தான் ப்ளூம் ஃபில்டர் போட்டு இந்த ஃபைல்ல நிச்சயமா இல்லன்னு ஒதுக்குறாங்க. பின்னாடி அந்த ஃபைல் எல்லாத்தையும் சேர்த்து சேர்த்து எழுதுற கம்பாக்ஷன் ஓடிட்டே இருக்கும். அஞ்சு நிமிஷம் பெஞ்ச்மார்க் ஓட்டுனா அந்த கம்பாக்ஷன் இன்னும் மூச்சு வாங்கவே ஆரம்பிச்சிருக்காது, ரைட் நம்பர் அள்ளிக்கிட்டு போகும், மணிக்கணக்குல ஓட்டுனாத்தான் நிஜ வேகம் வெளிய வரும். போஸ்ட்கிரெஸுக்கும் இது பொருந்தும், அங்க அப்டேட் பண்ணா பழைய வரிசைய விட்டுட்டு புது வரிசை எழுதும், வேக்யூம் பின்னாடி வந்து குப்பைய எடுக்கும், அந்த வேக்யூம் ஓடுற நேரமும் உங்க அளவுக்குள்ள வரணும். 2016ல ஊபர் போஸ்ட்கிரெஸ விட்டு மைஎஸ்க்யூஎல்லுக்கு போனப்ப அவங்க எழுதுன காரணத்துல இந்த அப்டேட் சமாசாரம் பெரிய பங்கு, ஒரு காலம் (column) மாறுனாலும் நிறைய இண்டெக்ஸ்ல எழுத வேண்டியிருக்குன்னு.

ரீடுக்கு வருவோம், இதுலதான் ட்ரெய்லர் கணக்க உங்களுக்கு விவரமா காட்டணும்னு ஆசை.

200 வண்டி, ஒவ்வொன்னும் 10 செகண்டுக்கு ஒரு பாயிண்ட்னு வச்சுக்கோங்க. செகண்டுக்கு 20 ரைட்டு. இது எந்த டேட்டாபேஸுக்கும் ஒரு வேலையே இல்ல, ரைட் ஸ்பீடுன்னு பேசவே தேவையில்ல. ஆனா ஒரு நாளைக்கு 17 லட்சத்து 28 ஆயிரம் வரிசை, 30 நாளைக்கு 5 கோடியே 18 லட்சம். இப்ப ஓனர் கேக்குறாரு, இந்த வண்டி போன செவ்வாக்கிழமை காட்டுப்பள்ளி போர்ட்டுக்கு எந்த வழியா போச்சு, எண்ணூர்ல எவ்ளோ நேரம் கியூல நின்னுச்சுன்னு. ஒரு வண்டி, ஒரு நாள், 8640 பாயிண்ட். இண்டெக்ஸ் இருக்கு, அதனால உடனே வந்துடும்னுதான் எல்லாரும் நினைப்பாங்க.

போஸ்ட்கிரெஸ் டேபிள்ல வரிசைங்க வந்த ஆர்டர்ல அடுக்கியிருக்கும். ஒரு பேஜ் 8 கேபி, நம்ம வரிசை ஹெட்டரோட சேர்த்து ஒரு 60 பைட்டுன்னா பேஜுக்கு 130 வரிசை போல வரும். 200 வண்டியும் மாத்தி மாத்தி அனுப்புறதால நம்ம வண்டியோட அடுத்த பாயிண்ட் 200 வரிசை தள்ளித்தான் இருக்கும், அதாவது எப்பவும் வேற பேஜ். 8640 பாயிண்ட் எடுக்க 8640 பேஜ தொடணும், கிட்டத்தட்ட 68 எம்பி, அரை எம்பி டேட்டாவுக்காக. எல்லாம் ரேம்ல இருந்தா தெரியாது, பழைய தேதியா இருந்து டிஸ்க்ல இருந்து வந்தா ஓனர் ஸ்கிரீன்ல லோடிங் வட்டம் சுத்திட்டே இருக்கும். இன்னோடிபில டேபிளே ப்ரைமரி கீ (ஒவ்வொரு வரிசையோட தனி அடையாளம்) ஆர்டர்லதான் இருக்கும், ப்ரைமரி கீய வண்டி நம்பர் ப்ளஸ் நேரம்னு வச்சா அந்த 8640 பாயிண்டும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருக்கும், 16 கேபி பேஜ்ல நாப்பது அம்பது பேஜுக்குள்ள வேலை முடியும். கசாண்ட்ரால வண்டி ப்ளஸ் தேதிய பார்ட்டிஷன் கீயா (எந்த வரிசைங்க ஒன்னா இருக்கணும்னு சொல்றது) போட்டா அதே நிலைமை.

அப்ப மைஎஸ்க்யூஎல் ரீட்ல ஃபாஸ்ட்டா? இந்த கேள்விக்கு ஃபாஸ்ட். அதே டேபிள்ல "இந்த பத்து நிமிஷத்துல எல்லா வண்டியும் எங்க இருந்துச்சு"ன்னு கேட்டா நிலைமை தலைகீழ், போஸ்ட்கிரெஸ்ல அது பக்கத்துல பக்கத்துல இருக்குற பேஜ், இன்னோடிபில 200 இடத்துல சிதறி இருக்கும். போஸ்ட்கிரெஸ்லயும் தேவையான காலம் (column) எல்லாத்தையும் இன்க்ளூட் போட்டு இண்டெக்ஸ்லயே வச்சுட்டா டேபிளுக்கே போகாம இண்டெக்ஸ்லயே முடிச்சுக்கலாம், இடம் கூட வாங்கும், ரைட்டுக்கு வேலை கொஞ்சம் கூடும், வேக்யூமும் ஒழுங்கா ஓடியிருக்கணும். நான் அப்படித்தான் வச்சிருக்கேன். டேட்டாபேஸ் பேர மாத்துறதுக்கு முன்னாடி டேட்டா டிஸ்க்ல எப்படி படுத்திருக்குன்னு பாருங்கன்னு நான் பார்க்குறவங்ககிட்ட எல்லாம் சொல்றதுக்கு காரணம் இந்த கணக்குதான், 8640க்கும் 50க்கும் இருக்குற வித்தியாசத்த எந்த இன்ஜின் ட்யூனிங்கும் குடுக்காது.

ப்ரைமரி கீயா ரேண்டம் யூயூஐடி (மெஷினே உருவாக்குற நீளமான அடையாள எண்) போடுறவங்களுக்கும் இதே கணக்கு வேற ரூபத்துல வரும். ஒவ்வொரு இன்சர்ட்டும் ட்ரீல எங்கயோ ஒரு பேஜுக்கு போகும், டேபிள் ரேம விட பெருசானதும் ஒவ்வொரு ரைட்டுக்கும் மொதல்ல ஒரு ரீடு தேவைப்படும். நேர வரிசைல வர்ற யூயூஐடி 7 2024ல ஸ்டாண்டர்டாவே வந்துடுச்சு, அத போடுங்க.

ரீட் பெஞ்ச்மார்க்ல அடுத்த பெரிய பிரச்சனை கேஷ். டெஸ்ட் டேட்டா ரேம்ல அடங்குனா எல்லா டேட்டாபேஸும் ஒரே மாதிரி பறக்கும், நீங்க அளக்குறது ப்ரோட்டோகாலையும் ட்ரைவரையும்தான். டேட்டாபேஸ் தனக்குன்னு ஒதுக்கிக்குற ரேம், அதாவது போஸ்ட்கிரெஸோட ஷேர்டு பஃபரும் இன்னோடிபி பஃபர் பூலும், பல வருஷமா டீஃபால்ட்ல 128 எம்பிதான், அத ரெண்டுலயும் தொடாம ஓட்டுனா போஸ்ட்கிரெஸ் ஆபரேட்டிங் சிஸ்டம் கேஷ நல்லா பயன்படுத்திக்கும், இன்னோடிபிய டைரக்ட் ஐஓல (ஆபரேட்டிங் சிஸ்டம் கேஷ தாண்டி நேரா டிஸ்க்க தொடுற முறை) வச்சிருந்தா அந்த உதவி கிடைக்காது, அப்ப தப்பான முடிவுக்குத்தான் வருவீங்க. டேட்டா ரேம விட பல மடங்கு இருக்கணும், இல்லன்னா ரேம்ல இருக்குற நிலைமைக்கு மட்டும்தான் இந்த நம்பர்னு வெளிப்படையா எழுதணும்.

எஸ்க்யூலைட் சின்ன சின்ன ரீட்ல எல்லாரையும் தூக்கி சாப்பிடுதுன்னு சொல்றாங்களே, அது உண்மை, காரணம் நடுவுல நெட்வொர்க்கே இல்ல, உங்க ப்ராசஸுக்குள்ளயே ஒரு ஃபங்ஷன் கால். சின்ன சின்ன ப்ளாப (படம் மாதிரி டேட்டா துண்டு) தனித்தனி ஃபைலா படிக்குறத விட எஸ்க்யூலைட்ல இருந்து படிக்குறது 35% வேகம்னு அவங்களே அளந்து போட்டிருக்காங்க. இதுக்கு எதிர்ப்பக்கம், எம்.சி. ரோடு கடைல இருக்குற கம்ப்யூட்டர் மும்பைல இருக்குற க்ளவுட் டேட்டாபேஸ கேக்குது. நேர்கோட்ல பார்த்தாலே 1000 கிலோமீட்டர் மேல, ஃபைபர்ல ஒளி செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும், போய்ட்டு வர குறைஞ்சது 10 மில்லி செகண்ட், கேபிள் நேரா போகாது, நடுவுல ரவுட்டர் இருக்கு, நிஜத்துல அத விட ஜாஸ்திதான். ஒரு பில்லுல 20 ஐட்டம், ஒவ்வொரு ஐட்டத்துக்கும் விலை ஒரு க்வெரி, ஸ்டாக் ஒரு க்வெரின்னு எழுதியிருந்தா 40 தடவ போய்ட்டு வரணும், 400 மில்லி செகண்ட் வயர்லயே போச்சு, டேட்டாபேஸ் ஒவ்வொன்னுக்கும் ஒரு மில்லி செகண்டுக்குள்ள பதில் சொல்லியிருந்தாலும். அங்க போஸ்ட்கிரெஸ எடுத்துட்டு எதப் போட்டாலும் கவுன்டர்ல நிக்குற கஸ்டமருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. 40 க்வெரிய ரெண்டா ஆக்குனா தெரியும்.

மாசக் கடைசி ரிப்போர்ட்டு மாதிரி, ஒரு வருஷ பில் முழுக்க எடுத்து ஏரியா வாரியா கூட்டணும்னா அது வேற உலகம். கிளிக்ஹவுஸ், டக்டிபி மாதிரி ஒவ்வொரு காலத்தையும் (column) தனித்தனியா பிரிச்சு வைக்குற டேட்டாபேஸ் அங்க நிக்குற உயரத்துக்கு வரிசை டேட்டாபேஸ் எதுவும் கிட்டவே வராது, தேவைப்படுற ரெண்டு காலம மட்டும்தான் அது படிக்குது. ஆனா கிளிக்ஹவுஸ்ல ஒன்னு ஒன்னா இன்சர்ட் பண்ணா ஒவ்வொன்னுக்கும் டிஸ்க்ல ஒரு தனி பார்ட் உருவாகும், கொஞ்ச நேரத்துல அதுவே வேணாம்னு எரர் குடுத்துடும், ஆயிரக்கணக்குல கட்டா சேர்த்து குடுக்கணும்.

அளக்குறதப் பத்தி ரெண்டு விஷயம். சராசரிய பார்க்காதீங்க, நூத்துல ஒன்னு எவ்ளோ லேட் ஆச்சுன்னு பாருங்க. தீபாவளிக்கு முந்தின ஞாயித்துக்கிழமை கவுன்டர்ல ஒரு பில் மூணு செகண்ட் தொங்குனா பின்னாடி நிக்குற எல்லாரும் தொங்குறாங்க, அந்த நேரத்துல சராசரி 2 மில்லி செகண்டுன்னு காட்டி என்ன பிரயோஜனம். ரெண்டாவது, ஒரு கனெக்ஷன்ல எடுத்த நம்பரையும் அம்பது கனெக்ஷன்ல எடுத்த நம்பரையும் கலக்காதீங்க, ஏன்னா ஒரே நேரத்துல பல பேர் கமிட் கேட்டா டேட்டாபேஸ் எல்லாத்தையும் சேர்த்து ஒரே எஃப்சிங்க்ல முடிச்சுடும். பிஜிபெஞ்ச் (போஸ்ட்கிரெஸோட வர்ற பெஞ்ச்மார்க் கருவி) ஓட்டுறவங்க ஸ்கேல (டெஸ்ட் டேட்டாவோட அளவ) டீஃபால்ட் 1லயே விட்டுட்டு நிறைய க்ளையன்ட் போட்டா எல்லாரும் ப்ராஞ்ச் டேபிள்ல இருக்குற ஒரே ஒரு வரிசைக்கு சண்ட போட்டுட்டு இருப்பாங்க, நீங்க அளக்குறது பூட்டு (lock) சண்டைய, டிஸ்க்க இல்ல. ஸ்கேல் க்ளையன்ட் எண்ணிக்கைய விட ஜாஸ்தியா இருக்கணும்.

இதுல ஆரக்கிள் (காசு குடுத்து வாங்குற டேட்டாபேஸ்) எங்கன்னு கேக்கலாம். அவங்க லைசன்ஸ்லயே பெஞ்ச்மார்க் முடிவ அனுமதி இல்லாம வெளியிடக்கூடாதுன்னு இருக்கு, 1980கள்ல டேவிட் டிவிட்னு ஒரு பேராசிரியர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல எடுத்த அளவுக்கு அப்புறம் வந்த விதி, அவர் பேர்லயே டிவிட் க்ளாஸ்னு சொல்றாங்க. எனக்கு இது ரொம்ப வருத்தமான விஷயம், காசு குடுத்து வாங்குறவங்களுக்கு அளந்து பார்த்தத பேசுற உரிமை இருக்கணும். ஆடிட் பண்ண நம்பர் வேணும்னா பெஞ்ச்மார்க்குக்கு விதி வகுக்குற டிபிசி அமைப்போட முடிவுங்க இருக்கு, 1988ல ஆரம்பிச்சது, அவங்க டிபிசி-சி டெஸ்ட்ல கரண்ட் போனா டேட்டா நிக்குதான்னு காட்டியே ஆகணும், மொத்த சிஸ்டத்தோட விலையும் போடணும். அந்த ரெண்டு கட்டாயமும் இருக்குறதாலயே அந்த நம்பர் மேல எனக்கு மரியாதை.

என்னோட சொந்த மெஷின் நம்பர இங்க போடல, அந்த டிஸ்க்கும் அந்த டேட்டாவும் உங்ககிட்ட இல்ல, அது உங்களுக்கு உதவாது. ஆனா நான் என்ன வச்சிருக்கேன்னு சொல்றேன். கடை கவுன்டர்ல ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் எஸ்க்யூலைட், வால் மோடு, சிங்க்ரனஸ் ஃபுல் (ஒவ்வொரு கமிட்டுக்கும் எஃப்சிங்க்), பில் மொதல்ல அங்க நிக்கும், நெட் போனாலும் கடை ஓடும். அங்க இருந்து போஸ்ட்கிரெஸுக்கு போகும், அங்க கமிட் டிஸ்க்ல இறங்கிட்டுத்தான் ஓகே. ட்ரெய்லர் பாயிண்டும் அதே போஸ்ட்கிரெஸ்லதான், ஆனா சிங்க்ரனஸ் கமிட்ட ஒவ்வொரு ட்ரான்ஸாக்ஷனுக்கும் தனியா மாத்த முடியும்ங்குறதால பாயிண்ட் எழுதுற கனெக்ஷன்ல மட்டும் ஆஃப். கரண்ட் போனா அதிகபட்சம் அரை செகண்டுக்கு கொஞ்சம் மேல வண்டி எங்க இருந்துச்சுன்னு தெரியாம போகும், பில் ஒன்னு கூட போகாது. ரெண்டு தனி டேட்டாபேஸ் வச்சு ரெண்டையும் பேக்கப் எடுத்து ரெண்டையும் அப்கிரேடு பண்ற வேலை மிச்சம். வண்டி எண்ணிக்கை பல ஆயிரத்துக்கு போனா அன்னிக்கு வேற யோசிக்கணும், அப்பவும் மொதல்ல ப்ளக்க புடுங்கிட்டுத்தான் ஸ்டாப்வாட்ச் எடுப்பேன்.